வெள்ளிக்கிழமைச் சூரியன்

எங்கள் தோட்டத்து மாதா கோயில் மணி கயிறு அறுந்து கீழே விழுந்ததே, அந்த வருஷத்தில்தான் நான் கண்ணாடி பங்களாவுக்கு வேலைக்குப் போனேன். மணி விழுந்தது மழைக்கு முன்னாலா பின்னாலா என்பதில் எனக்கும் என் பெண்சாதி ஆரோக்கியத்துக்கும் இன்னும் தகராறு உண்டு. நான் முன்னால் என்கிறேன். அவள் பின்னால் என்கிறாள். மணி விழுந்த இடத்தில் ஒரு கோழி நின்றது, அது தப்பிவிட்டது என்பதில் மட்டும் இரண்டு பேரும் ஒத்துப்போகிறோம். இதை ஏன் சொல்கிறேன் என்றால், எனக்கு வருஷங்களை இலக்கம் வைத்துச் சொல்ல வராது. இப்படித்தான் சொல்ல வரும்.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கையெழுத்து மட்டும் போடுவேன். நான் சொல்லச் சொல்ல என் மருமகன் சேவியர் எழுதுகிறார். வெலிமடையில் கரட், லீக்ஸ் வாங்கி லொறி ஏற்றி அனுப்புகிறவர் அவர். நான் பேசுகிறபடியே எழுதினால் பத்திரிகையில் போடமாட்டார்கள் என்று புத்தகத் தமிழில் மாற்றிக்கொள்கிறார். மற்றவர்கள் பேசியதை மட்டும் மாற்றக் கூடாது என்று சொல்லியிருக்கிறேன்.

விஷயம் இதுதான். போன மாதம் யுனிவர்சிட்டிக் கம்பஸில் இருந்து ஒரு மிஸ் வந்தார். கண்ணாடி பங்களாவில் பூட்டிக் கிடந்த, முன்பு படம் பிடித்த பழைய கண்ணாடிப் பிளேட்டுகளை எல்லாம் வேனில் ஏற்றிக்கொண்டு போய் கம்ப்யூட்டரில் படமாக ஏற்றப்போகிறார்களாம். பிளேட் காலத்தில் அங்கே வேலை செய்தவர்களில் உயிரோடு இருப்பது நான் ஒருவன்தான் என்று விசாரித்து, நாங்கள் குடியிருக்கும் லயம்வரை நடந்து வந்தார். சில பிளேட்டுகளின் உறையில் சிவப்புப் பென்சிலால் குறுக்குக் கோடு போட்டிருக்கிறதே, ஏன் என்று கேட்டார். நான் காரணத்தைச் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"நல்ல காலம் ஐயா, நீங்க சொன்னீங்க. அப்ப குறுக்குப் போட்ட எல்லாத்தையும் ஏத்தாம தள்ளிரலாம். வைக்க இடமும் இல்ல" என்றார்.

நான் ஆமாங்க மிஸ் என்றேன். அவர் போய்விட்டார். இப்போது எனக்கு அந்த ஆமாவில் சந்தேகம் வந்துவிட்டது. என் வாயால் ஒரு பிளேட் குப்பைக்குப் போகிறது. அது போக வேண்டியதுதானா என்று எனக்குத் தெரியவில்லை. அதற்காகத்தான் இதைச் சொல்கிறேன்.

கண்ணாடி பங்களா எங்கள் தோட்டத்தின் மேல்மலையில் இருக்கிறது. தெமோதரை ஸ்டேஷனில் இறங்கி நடந்தால் மூச்சு வாங்கும் தூரம். முன்னொரு காலத்தில் சின்னத்துரை இருந்த பங்களா. பிறகு கம்பஸ்காரர்கள் எடுத்துச் சூரியனைப் பார்க்கும் இடமாக ஆக்கினார்கள். மற்ற ஊர்களில் மழை பெய்கிற காத்து மாசங்களில் எங்கள் பக்கம் வெயில் காயும் அல்லவா, அதனால்.

அதற்கு முன் நான் தேயிலை ஃபாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் இருந்தேன். கண்ணாடி பங்களாவில் சூரியனை ஆராய்கிறவர், நாங்கள் சேர் என்று கூப்பிடுகிறவர், ஆள் எடுக்க அந்த மாடிக்கே ஏறி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர். ஒல்லியான ஆள், சேர்ட்டுப் பையில் எப்போதும் ஒரு பூதக்கண்ணாடி.

"கொழுந்து வாடினது எண்டு உமக்கு எப்பிடித் தெரியும்?" என்று கேட்டார்.

"தொட்டாத் தெரியுமுங்க."

"தொடாமச் சொல்லும்."

"மணத்துல சொல்லுவேங்க."

"மணக்கவும் ஏலாது எண்டால்?"

"அப்பக் கலரப் பாத்துச் சொல்லணும். ஆனா தப்பு வருமுங்க."

அவர் அதற்குத்தான் காத்திருந்தவர்போலத் தலையை ஆட்டினார். "எங்கட வேலையும் அதுதான். சூரியனைத் தொடவும் ஏலாது, மணக்கவும் ஏலாது. நிறத்தைப் பாத்துச் சொல்லோணும். தப்பு வரும். வாரும் அந்தோனி" என்றார். அடுத்த திங்கட்கிழமை போய்விட்டேன்.

வேலை பழக இரண்டு வருஷம் ஆனது. அதைச் சொல்லப்போனால் சேவியருக்குக் கை வலிக்கும். செய்த வேலையை மட்டும் சொல்கிறேன்.

காலை ஆறு மணிக்குத் தகரக் கூரையைத் தண்டவாளத்தில் தள்ளித் திறக்க வேண்டும். உள்ளே தூண் மேல் இரண்டு பெரிய கண்ணாடி. பனி படிந்திருந்தால் துடைக்கக் கூடாது. தானாகக் காய விட வேண்டும். தூசியை ரப்பர் குமிழால் ஊதத்தான் வேண்டும், விரல் படக் கூடாது. பிறகு இரும்புக் குண்டைச் சுற்றி மேலே ஏற்ற வேண்டும். குண்டு மெல்ல இறங்க இறங்கக் கண்ணாடி சூரியன் பின்னால் திரும்பும். கண்ணாடியில் பட்ட வெயில் ஒரு லென்ஸ் வழியாக வந்து சுவரில் சாசர் அளவு வட்டமாக விழும். அந்த வட்டத்தின் நடுவில், பித்தளைத் தகட்டில், தலைமுடி நுழைகிற அகலத்துக்கு ஒரு கீறல். அதற்கு ஒரு மூடி. கீறலுக்கு அந்தப்பக்கம் இருட்டறை. சேர் அங்கே இருப்பார். கீறல் வழியாகப் போன வெயில், கோடு கிழித்த ஒரு கண்ணாடியில் பட்டு வானவில்லாக விரிந்து பிளேட்டில் விழும்.

சேர் உள்ளே இருந்து "திறவும்!" என்பார். நான் மூடியைத் தூக்குவேன். எனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாது. அதனால் மூன்று அருள் நிறைந்த மரியே சொல்லி மூடியைப் போடுவேன். சேர் சைவம். முதல் வாரம் அவர் தன் கடிகாரத்தை வைத்துப் பார்த்தார். ஒன்றிரண்டு செக்கனுக்கு மேல் வித்தியாசம் வரவில்லை.

"உம்மட மாதா நல்ல நேரம் காட்டுறா" என்றார்.

பிளேட் கழுவும் தண்ணீர் எங்கள் குளிருக்கு விறைத்துப் போகும். அதைச் சூடாக வைக்க ஒரு இரும்புக் கரியடுப்பு இருந்தது. நான் நிற்கும் பக்கத்தில்தான் இருக்கும். சூடுமானியில் எந்த இடம்வரை ஏற வேண்டுமோ அந்த இடத்தில் சேர் சிவப்பு நூல் கட்டித் தந்திருந்தார்.

பிளேட்டில் கறுப்பு வெள்ளையாகத்தான் விழும்; சேர் இன்னொரு மருந்தில் கழுவி அதைத் திரும்பக் கறுப்பாக்கிவிடுவார். அந்த வானவில்லுக்குள் கறுப்புக் கோடுகள் இருக்கும். ஒன்றிரண்டு இல்லை, நூற்றுக்கணக்கில். முதன்முதல் பார்த்தபோது கண்ணாடியில் கீறல் விழுந்துவிட்டது, வேலை போனது என்று நினைத்தேன். சேர் சிரித்துவிட்டு என்னை உட்காரவைத்துக் கேட்டார்.

"உங்கட பெரட்டுக் களத்தில காலமை கணக்கப்பிள்ளை பேர் கூப்பிடுறவர். ஆர் வரேல்லை எண்டு பாக்கிறவரோ?"

"ஆமாங்க."

"ஒரே லயத்தில இருந்து பத்துப் பேர் வரேல்லை எண்டால்?"

"சாவு இல்லாட்டிக் கலியாணமுங்க. ரெண்டு பேருன்னாக் காய்ச்சலு."

"அவர் லயத்துக்குப் போய்ப் பாக்காமலே சொல்லுவார், என்ன? இந்தக் கறுப்பெல்லாம் பெரட்டுக்கு வராத வெளிச்சம். சூரியனுக்கு மேல காத்து மாதிரி ஒரு சுத்துப் போர்வை இருக்கு. அதில இரும்பு இருக்கு, சுண்ணாம்பு இருக்கு, எல்லாம் ஆவியா. ஒவ்வொண்டும் தனக்கெண்டு ஒரு நிறத்தைப் பிடிச்சு வைச்சிடும். எந்தக் கோடு எவ்வளவு கறுப்பு, எவ்வளவு அகலம், எவ்வளவு தள்ளி நிக்குது எண்டு பாத்தால், அங்க எவ்வளவு சூடு, எவ்வளவு நெருக்கம், காத்து எந்தப் பக்கம் அடிக்குது எண்டு சொல்லலாம்."

எனக்குப் புரிந்ததுபோல் இருந்தது. வீட்டுக்கு நடந்து போகும்போது புரியாமல் போனது. வந்த வெளிச்சத்தைப் பார்க்கிறோமா, வராத வெளிச்சத்தைப் பார்க்கிறோமா? வராத ஒன்றை எப்படிப் பார்ப்பது? முப்பது வருஷம் அந்த வேலை செய்தேன். அதை இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன்.

இனித்தான் அந்தக் கதை.

ஒரு காத்து மாசத்தில் கொழும்பில் இருந்து இரண்டு வேன் நிறைய ஆட்கள் வந்தார்கள். அதில் ஒரு அம்மா கண்ணாடிக்குப் பக்கத்தில் போய் நின்று, வாயில் கை வைத்து, இப்படி ஒரு பளபளப்பை நான் பார்த்ததே இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னார். மறுநாள் குண்டுக் கம்பி அறுந்தது. அதற்கு அடுத்த நாள் மூன்று பிளேட் ஒன்றும் விழாமல் வெறுமையாக வந்தது. அதற்கும் அடுத்த நாள் ஒரு காகம் நேராகக் கண்ணாடி மேலேயே எச்சம் போட்டது. இப்படியே போனால் இடத்தை மூடிவிடுவார்கள், நான் மலைக்கு முள்ளுக்குத்த, இரும்பு முள்ளால் மண் கிளறத்தான் போக வேண்டும் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது.

ஆரோக்கியத்திடம் சொன்னேன். அவள் கலியாணத்துக்குப் பிறகுதான் எங்கள் வேதத்துக்கு வந்தவள். கேட்டவுடனே சொல்லிவிட்டாள்.

"கண்ணு பட்டிருக்குங்க. வெள்ளிக்கெழம காலையில சுத்திப் போடுங்க."

"கோயில் சாமியாருக்குத் தெரிஞ்சா?"

"சாமியாரு அங்க வந்து அடுப்பயா எட்டிப் பாக்கப் போறாரு? ஆனா மொளகா வேணாம். அந்த ஐயா இருமுவாரு. கல்லுப்பு மட்டும் போதும். வெயிலு அந்த ஓட்டையில விழும்போது சுத்துங்க. கண்ணு பட்டது அந்த வெயிலுக்குத்தான்."

அவள் சொன்னபடி செய்தேன். வெள்ளிக்கிழமை முதல் பிளேட். சேர் "திறவும்" என்றார். மூடியைத் தூக்கினேன். பித்தளைத் தகட்டை மூன்று தரம் கல்லுப்பால் சுற்றி, கீறலுக்கு நேர் கீழே இழுத்து வைத்திருந்த அடுப்பில் போட்டேன். நெருப்பு நன்றாக எழும்பட்டும் என்று காய்ந்த தேயிலை மிலாறையும் ஒடித்துப் போட்டிருந்தேன். கவ்வாத்து வெட்டின கிளைகளை நாங்கள் மிலாறு என்போம். அது எரிந்தால் சுவாலை நிற்கும். உப்பு படபடவென்று வெடித்தது. சுவாலை மஞ்சளாக எழும்பி வெயிலுக்குள் நின்றது. மூன்றாவது மரியே முடிந்தது. மூடியைப் போட்டேன்.

"என்ன சத்தம் அது, அந்தோனி?" என்று உள்ளே இருந்து கேட்டார்.

"கரி வெடிக்குதுங்க சேர்."

அடுத்த வாரம் ஒரு தொல்லையும் வரவில்லை. அதனால் அடுத்த வெள்ளியும் செய்தேன். அதற்கு அடுத்ததும். வழக்கமாகிவிட்டது.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு நாள் சேர் பிளேட்டுகளைப் பால்நிறக் கண்ணாடி மேசையில் வரிசையாக அடுக்கிவைத்துக் குனிந்துகொண்டு இருந்தார். சாப்பாட்டுப் பார்சல் பிரிக்கப்படாமல் கிடந்தது.

"இஞ்ச வாரும். இந்த ரெண்டு மஞ்சள் கோட்டைப் பாரும். இதில சாதாரணமா இருக்கு. இதில நடுப்பகுதி மை பூசின மாதிரிக் கறுத்துக் கிடக்கு. தெரியுதோ?"

தெரிந்தது. ஃபாக்டரியில் தூளைப் பார்த்துப் பழகிய கண் எனக்கு.

"நடுப்பகுதி கறுத்தால் மேல் அடுக்கு குளிர்ந்து போச்செண்டு அர்த்தம். ஆனால் பக்கத்தில நிக்கிற இரும்புக் கோட்டைப் பாரும், மயிரளவும் மாறேல்லை. குளிர்ந்தால் எல்லாம் சேர்ந்தெல்லோ குளிரோணும்? எனக்கு விளங்கேல்லை அந்தோனி."

அவருக்கே விளங்கவில்லை என்றால் எனக்கு என்ன? ஆனால் அவர் முகத்தில் ஒரு சந்தோஷம் இருந்தது. அப்படி ஒரு சந்தோஷத்தை அவரிடம் அதற்கு முன் நான் கண்டதில்லை. யாருக்கும் கிடைக்காத ஒன்று கிடைத்தவர் மாதிரி. அதன் பிறகு வாரக்கணக்கில் அளந்தார். பூதக்கண்ணாடியை வைத்து அளப்பார், எழுதுவார், மறுபடி அளப்பார். பிறகு கலண்டரை எடுத்து வட்டம் போட்டுப் பார்த்தார். அன்றைக்கு அவர் முகம் மாறிவிட்டது.

"எல்லாம் வெள்ளிக்கிழமை" என்றார். "சூரியன் ஒருக்காச் சுத்தி முடிக்க இருபத்தேழு நாள் போகும். ஏழு நாளுக்கு ஒருக்கா அங்க என்ன நடக்கும்? சூரியனுக்கு வெள்ளிக்கிழமை தெரியுமோ?"

அவர் சும்மா இருக்கவில்லை. ஃபாக்டரியில் வெள்ளிக்கிழமை மட்டும் ஏதாவது எரிக்கிறார்களா என்று விசாரிக்க என்னை அனுப்பினார். பதுளை ரயில் எந்த நாளில் எத்தனை மணிக்குப் புகைவிட்டுப் போகிறது என்று ஸ்டேஷனில் கேட்டார். டவுனில் வெள்ளிக்கிழமை பகல் தொழுகைக்குக் கடை மூடுவார்களே, அதனால் தூசி குறையுமோ என்று துணிக்கடை முதலாளியிடம் போய்க் கேட்டிருக்கிறார். அந்த முதலாளி என்னைப் பார்த்தபோது, "என்ன அந்தோனி, ஒங்கட ஐயாவுக்குச் சுகமா?" என்று கேட்டார். நான் எதையும் உப்போடு சேர்த்து யோசிக்கவில்லை. சத்தியமாக இல்லை. என்னைப் பொறுத்தவரை உப்புப் போட்டது அடுப்பில். கோடு இருந்தது சூரியனில்.

ஒரு நாள் தேத்தண்ணி ஊற்றிக் கொடுக்கும்போது பேச்சோடு பேச்சாகக் கேட்டேன்.

"அந்த மஞ்சக் கோடு எதுனால வருதுங்க சேர்? இரும்பா?"

"இல்லை. சோடியம். உங்கட வீட்டிலயும் இருக்கு. கறியில போடுற உப்பில பாதி அதுதான்."

நான் திரும்பி அந்த அடுப்பைப் பார்த்தேன்.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை உப்புப் போடாமல் விட்டேன், அவ்வளவுதான். அன்றைக்குப் பிளேட் மற்ற நாள் மாதிரியே வந்தது. சேர் அதை மூன்று தரம் பார்த்துவிட்டு வெளியே போய்ப் படிக்கட்டில் உட்கார்ந்தார். அதற்கு அடுத்த வெள்ளியும் அப்படியே. வெளிநாட்டுக்கு அனுப்ப ஒரு கடிதம் எழுதிவைத்திருந்தார். அதை உறையில் போடுவார், மறுபடி எடுப்பார். சாப்பிடுவதும் குறைந்துவிட்டது. ஒரு திங்கட்கிழமை கடிதத்தை ஒட்டப் பசை கேட்டார். நான் பசையை எடுக்காமல் மடியில் இருந்த கல்லுப்புப் பொட்டலத்தைப் பிரித்து மேசையில் வைத்தேன்.

எப்படிச் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. முழுக்கக் கேட்டார்.

கடைசியில், "கரி வெடிக்குது எண்டு சொன்னீர்" என்றார்.

"கரியும் வெடிச்சுதுங்க சேர்."

சிரிப்பார் அல்லது அடிப்பார் என்று நினைத்தேன். இரண்டும் இல்லை. "நாளைக்குச் செவ்வாய். கூரையை நேரத்துக்குத் திறவும்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மூன்று பிளேட் எடுத்தோம். முதலாவது அடுப்பே இல்லாமல். இரண்டாவது கீறலுக்குக் கீழே அடுப்பு, மிலாறு, உப்பு இல்லை. மூன்றாவது உப்போடு. அதே கல்லுப்பு, அதே மூன்று சுற்று, அதே மூன்று மரியே. சுற்றுவதையும் விடக் கூடாது என்றார். "நீர் செய்த மாதிரியே செய்யும். எது முக்கியம் எண்டு எனக்கும் தெரியாது, உமக்கும் தெரியாது" என்றார். பிளேட் ஈரம் காயவில்லை, தூக்கிப் பார்த்தோம். மூன்றாவதில் இரண்டு மஞ்சள் கோடும் மை பூசின மாதிரி இருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பிளேட்டையே பார்த்துக்கொண்டு, "ஒரு அடுப்பு வெளிச்சத்தில இருந்தெல்லோ சூரியனை விடக் கறுப்பு வந்திருக்கு" என்றார். மஞ்சள் சுவாலை வெளிச்சம் கொடுக்கும், கறுப்பு எப்படிக் கொடுக்கும்? கேட்கத் தோன்றியது. கேட்கிற முகமா எனக்கு? இன்றைக்கும் தெரியாது. மிஸ்ஸிடம் கேட்டேன். சுவாலையில் இருக்கும் உப்பாவியும் சூரியனின் மஞ்சளைப் பிடித்து வைக்குமாம், சுவாலை கொடுப்பதைவிட அதிகமாக என்று அவர் சொன்னார், எனக்குத் தலை சுற்றியது.

பிறகு சேர் கறுத்து வந்த வெள்ளிக்கிழமை உறைகளை எல்லாம் எடுத்து, சிவப்புப் பென்சிலைச் சீவி, ஒவ்வொன்றாகக் குறுக்குக் கோடு போட்டார். நான் பக்கத்தில் நின்று எடுத்துக் கொடுத்தேன். பதினொன்று. கடிதத்தைக் கிழித்தார். அடுத்த நாள் வழக்கம்போல வேலை. அந்தப் பேச்சை அவர் ஒருநாளும் எடுத்ததில்லை. அடுத்த வருஷம் மாற்றலாகிப் போனார். பிறகு இறந்துவிட்டதாகக் கேள்விப்பட்டேன்.

அவருக்குப் பின்னால் நாலைந்து பேர் வந்தார்கள். பிளேட் நின்று கேமரா வந்தது, கம்ப்யூட்டர் வந்தது. கழுவ ஒன்றும் இல்லை என்பதால் அடுப்பும் போனது. எனக்குக் கூரை திறப்பதும் தூசி ஊதுவதும் மிச்சம். பிறகு அதற்கும் மோட்டர் வைத்தார்கள். நான் ஓய்வு பெற்றேன்.

இத்தோடு முடித்துவிடத்தான் நினைத்தேன். மூன்று நாளைக்கு முன் சேவியர் இதுவரை எழுதியதை வாசித்துக் காட்டினார். வாசித்துவிட்டுப் பேனாவை வைத்தார்.

"மாமா, கண்ணாடி பங்களாக் கூரையில இருந்து விழுந்து கை ஒடஞ்சு பதுள ஆஸ்பத்திரியில கெடந்தேன்னு சொல்லுவீங்களே. அது எப்ப?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தச் செவ்வாய்க்கிழமை நான் இடது கையால் உப்பைச் சுற்றினேன். வலது கையில் கட்டு. அப்படியானால் நான் ஆஸ்பத்திரியில் கிடந்தது அதற்கு முன்னால், உப்புப் போட்டுக்கொண்டிருந்த காலத்தில். ஒரு வெள்ளிக்கிழமை வார்டில்தான் இருந்தேன், அது நிச்சயம். அன்றைக்கு இறைச்சி கொடுத்தார்கள். வெள்ளியில் நாங்கள் இறைச்சி தொடுவதில்லை என்று பக்கத்துக் கட்டிலில் இருந்த பசறைக்காரருக்குக் கொடுத்தேன். அவர், "அப்ப ஒங்களுக்கு எல்லா நாளும் வெள்ளிக்கெழமயா இருக்கட்டும்" என்று ஆசீர்வாதம் செய்தார். மறுநாள் சேர் தோடம்பழம் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். குனிந்து என் காதில், "நேற்றும் கறுப்பு, அந்தோனி" என்றார். அவ்வளவு சந்தோஷமாகச் சொன்னார்.

குறுக்குப் போட்டது பதினொன்று. அப்படியானால் நான் உப்புப் போட்டது பத்து.

மிஸ் உறைகளைக் காட்டிக் கேட்டபோது இது ஏன் எனக்கு வரவில்லை? தெரியவில்லை. நான் இல்லாத அந்த ஒரு நாளைச் சேரும் ஏன் மறந்தார்? மறக்கிற ஆள் இல்லையே அவர். ஒருவேளை தேதி பார்க்காமல், வெள்ளிதானே என்று எல்லாவற்றிலும் போட்டுவிட்டாரா? வெட்கத்திலா, கோபத்திலா?

சேவியர் சொன்னார், "போன வாரத்து உப்பு அடுப்புல ஒட்டியிருந்திருக்கும் மாமா."

"ஒட்டியிருந்தா சனி, ஞாயிறும் கறுத்திருக்கணுமே மாப்பிள. அதெல்லாம் நல்லாத்தானே வந்துச்சு?"

"அப்ப அத்த போயிருப்பாங்க."

அது எனக்கும் வந்த சந்தேகம்தான். அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆரோக்கியம் பஸ் ஏறி ஆஸ்பத்திரிக்கு வந்தாள். வந்தவள், "எல்லாம் பாத்துக்கிட்டேன், நீங்க பேசாமப் படுங்க" என்றாள். பிள்ளைகளையும் ஆட்டையும் பார்த்துக்கொண்டதாகத்தான் நான் நினைத்தேன். அன்றைக்கு மூடியைச் சேர் உள்ளே இருந்து நூலால் இழுத்துத் திறந்தாராம். இந்தப் பக்கம் யார் வந்தாலும் அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் அவளிடம் கேட்டேன். அடுப்படியில் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள்.

"நான் ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, நீ கண்ணாடி பங்களாவுக்குப் போய் உப்புச் சுத்திப் போட்டியா?"

"ஆமா, போனேன்."

"நெசமாவா?"

"பின்ன? ஒங்க கையே ஒடஞ்சு கெடக்கு. சுத்தாம விடுவாங்களா?"

மத்தியானம் மறுபடி கேட்டேன்.

"நான் எதுக்கு அங்க போறேன்? அந்த ஐயா உள்ள இருக்கும்போது? எனக்கு வெக்கமா இருக்காதா?"

"காலையில போனேன்னு சொன்னியே!"

"நான் வீட்டுல சுத்தினதச் சொன்னேன். ஒங்க சட்டைக்கு."

"சட்டைக்கா?"

"இல்ல, அது பெரியவன் காய்ச்சலுக்கு. அட போங்க, சும்மா நோண்டிக்கிட்டு. போனேன்னா என்னா, போகலன்னா என்னா? சூரியன் எரிஞ்சுக்கிட்டுத்தானே இருக்கு?"

சேவியர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் போயிருந்தால் அந்தப் பிளேட் குப்பை. போகவில்லை என்றால், அந்த ஒரு நாள், ஒருவரும் உப்புப் போடாமல், சூரியன் தானாகவே கறுத்திருக்கிறது. சேர் தேடியது அந்த ஒன்றில் நிஜமாகவே இருந்திருக்கும். நான் கொடுத்த வெட்கத்தில் அவர் அதையும் சேர்த்து அடித்துப் போட்டிருப்பார். இரண்டில் எது? மூன்று நாளாக யோசிக்கிறேன். ஒரு நேரம் அவள் போனாள் என்று தோன்றுகிறது. ஒரு நேரம் அவள் மலை ஏறுவதையே நினைத்துப் பார்க்க முடியவில்லை.

மிஸ் ஒரு துண்டில் டெலிபோன் நம்பர் எழுதித் தந்திருந்தார். அது என் சேர்ட்டோடு தண்ணீரில் போய்விட்டது. பெயரும் எனக்குச் சரியாக நிற்கவில்லை. கண்ணாடி போட்டவர், மெல்லிய குரல், வேனில் வந்தவர், கம்பஸில் பழைய சூரியப் பிளேட்டுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறவர். இதை வாசிக்கிற யாருக்காவது அவரைத் தெரிந்தால் தயவு செய்து சொல்லுங்கள். அந்தப் பதினொன்றில் ஒன்று மட்டும் கீழ் மூலை உடைந்திருக்கும். நான் இல்லாத அன்று சேர் தனியாக மாட்டியபோது சட்டத்தில் இடித்து உடைந்ததாக ஆஸ்பத்திரியில் சொன்னார். அதைத் தள்ள வேண்டாம். நல்ல பிளேட் என்று மற்றதோடு சேர்க்கவும் வேண்டாம். "அந்தோனிமுத்து அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இருந்தான், உப்புப் போட்டார்களா இல்லையா என்று தெரியவில்லை" என்று அந்த உறையில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். சிவப்புக் குறுக்கை அழிக்க வேண்டாம், அது சேர் தன் கையால் போட்டது. பக்கத்தில் இடம் இருக்கும்.